வலப்பக்கம் விட்ட துளை

1997 ஏப்ரல் 16, புதன்கிழமை காலை. மஞ்சுநாத் கொண்டுவந்து கொட்டிய பழைய தோல் பைகளில் ஒன்றைக் கையில் எடுத்த ஏசுதாஸ், சுட்டுக்கொண்டவர்போல அதைக் கீழே போட்டுவிட்டார்.

"என்ன தாஸண்ணா, உள்ள தேளு கீளு இருந்துச்சா?" என்று மஞ்சுநாத் சிரித்தான். ஊர் ஊராகப் போய்ப் பழைய பொருள் வாங்கி விற்பவன் அவன்.

 ஏசுதாஸ் பையை மறுபடி எடுத்துக் கைப்பிடி பொருந்தும் இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"இதை எங்க எடுத்த?"

"எல்லாம் ஒரே மூட்டைண்ணா. லட்சுமிபுரத்துல யோகா படிக்க வர்ற வெள்ளைக்காரங்க விட்டுட்டுப் போனது பாதி. கொள்ளேகால் சைடு பாதி."

"இந்த ஒண்ணு?"

"இதா? ராமாபுரம். ஒரு டீச்சரம்மா போட்டாங்க. புதுசு வாங்கிட்டேன், இதை எடுத்துக்கோன்னாங்க. ஏன், வேணாமா? கொடுங்க, வேற பார்ட்டி இருக்கு."

"கைய எடுடா."

ஏசுதாஸ் அப்படிப் பேசி மஞ்சுநாத் கேட்டதே இல்லை. பயந்துபோய் மீதிப் பைகளை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

ஏசுதாஸ் மண்டி மொஹல்லாவில் ஒற்றை ஷட்டர் கடை வைத்திருந்தார். அவருடைய அப்பா தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து, மைசூர் டாங்கா குதிரைகளுக்குச் சேணமும் வாரும் தைத்தவர். மகன் அதே தையலைக் கைப்பைக்குக் கொண்டுவந்தார். பழைய பைகளை மொத்தமாக வாங்கிப் புதிதாக்கி விற்பதுதான் தொழில். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நர்சுகளும் டீச்சர்களும்.

எந்தப் பை வந்தாலும் முதலில் லைனிங் துணியை வெளியே இழுத்துவிட்டு மூக்கருகே கொண்டுபோய் முகர்வார். பூஞ்சை இருந்தால் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பார். பிறகு சோப்பு நுரையால் அழுக்கெடுத்து நிழலில் உலர்த்துவார். வெடிப்புகளில் தோல் தூளையும் பசையையும் குழைத்து அடைப்பார். சாயம், தேன்மெழுகு, கடைசியில் தையல். ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து இரண்டு பக்கமிருந்தும் தைக்கும் இரட்டை ஊசித் தையல் அது. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற இடம் பிரியாது.

அந்தத் தையலில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கைப்பிடி பொருந்தும் இடத்தில் இடது ஓரத்தில் ஒரு துளை போட்டு, அதில் நூல் கோக்காமல் விட்டுவிடுவார். பின்னால் கைப்பிடி அறுந்தால், தைக்கிறவன் பழைய தோலில் புதிதாகக் குத்த வேண்டியதில்லை. அந்தத் துளையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பார்க்கிறவர்களுக்கு அது தைக்க மறந்த துளைபோலத் தெரியும். அவருடைய அப்பா அப்படித்தான் செய்தார். மைசூரில் வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை.

ராமாபுரத்துப் பையில் அந்தத் துளை இருந்தது. ஆனால் அந்தப் பையை அவர் தைத்ததே இல்லை. துளையும் இடது ஓரத்தில் இல்லை, வலது ஓரத்தில் இருந்தது.

அந்தத் தையலை அவரிடம் கற்றுக்கொண்டவர் ஒரே ஒருவர்தான், அவர் மனைவி செலின். திருமணமான புதிதில் கடையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, அவர் கைகளைப் பார்த்துப் பார்த்தே தைக்கப் பழகியவர். எதிரே இருந்து பார்த்ததால் கண்ணாடியில் பார்ப்பதுபோல எல்லாம் பக்கம் மாறியே அவர் கைக்கு வந்தது. செலின் விடும் துளை எப்போதும் வலப்பக்கம்.

செலின் 1992 ஜூலையில் இறந்துவிட்டார். எங்கள் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்தோம். நான் அப்போது பங்குக் கோயில் அலுவலகத்தில் ஞானஸ்நானம், திருமணம், இறப்பு மூன்றையும் பதிவு செய்யும் வேலையில் இருந்தேன். இந்தச் செய்திகளை, சம்பந்தப்பட்ட மூவரும் தனித்தனியே என்னிடம் சொன்னபடியே எழுதுகிறேன். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கவில்லை.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே ஒரு தனியார் பஸ் கால்வாயில் கவிழ்ந்தது. செலின் அன்று காலைதான் வீட்டைவிட்டுப் போயிருந்தார். மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள் என்று ஏசுதாஸ் நினைத்தார். சாயங்காலம் வரவில்லை. மறுநாள் முழுவதும் தேடினார். அதற்கடுத்த நாள், அடையாளம் தெரியாத ஒரு பெண்ணின் உடல் கிடைத்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று போலீஸார் கூப்பிட்டார்கள். தண்ணீரில் கிடந்த உடல். முகம் தெரியவில்லை. தோளில் ஒரு கைப்பை மாட்டியபடியே இருந்தது. ஏசுதாஸ் பையைத் திருப்பிக் கைப்பிடியைப் பார்த்தார். இடது ஓரத்தில் வெற்றுத் துளை. செலினுக்காக அவரே புதிதாக்கிக் கொடுத்த பை.

"என் தையல்தான்," என்றார். கையெழுத்துப் போட்டார். பைக்குள் ஒரு ஜெபமாலைகூட இல்லை. தண்ணீர் கொண்டுபோயிருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

இதெல்லாம் நடந்து ஐந்தாவது வருடம் அவர் மறுமணத்துக்குச் சம்மதித்திருந்தார். மணப்பெண் பிலோமினா, ஒரு தனியார் நர்சிங் ஹோமில் நர்ஸ். கணவனை இழந்தவர். பையின் ஜிப் மாற்ற வந்து, "ஒரு ஜிப்புக்கு ஒரு வாரமா? நாங்க இதுக்குள்ள ரெண்டு பிரசவம் பார்த்திருவோம்," என்று கடையில் சண்டை போட்டவர். மே முதல் வாரம் திருமணம். கோயிலில் மூன்று ஞாயிறு தொடர்ந்து திருமண ஓலை வாசிப்பார்கள். இவர்கள் மணம் முடிப்பதற்குத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் ஓலை. முதல் ஓலை 13-ஆம் தேதி வாசித்தாயிற்று. யாரும் எதுவும் தெரிவிக்கவில்லை. பிலோமினா தான் தங்கியிருந்த மகளிர் விடுதியில் அறையைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டார்.

அந்தப் புதன்கிழமை மதியம், அழைப்பிதழ் விஷயமாகப் பிலோமினா கடைக்கு வந்தார். ஏசுதாஸ் உலர்த்த வேண்டிய பைகளைக்கூட வெளியே வைக்காமல் அந்த ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சாப்டீங்களா இல்லையா? ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?"

"இது செலின் தைச்சது."

"சரி. பழைய பையா?"

"பை பழசு. நூல் புதுசு." நூலை நகத்தால் நெம்பிக் காட்டினார். "இந்த நைலான் நூல் நம்ம பக்கம் வந்தே ரெண்டு வருஷம்தான் ஆகுது."

பிலோமினாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பக்கத்தில் கிடந்த மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ பேருக்குச் சாவுச் செய்தி சொன்னவர் அவர். ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி கேட்டு உட்கார்ந்துபோனது அதுதான் முதல் தடவை என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

"செத்துட்டாங்கன்னு சொன்னீங்க."

"ஆமா."

"உங்க கண்ணால பார்த்தேன்னு சொன்னீங்க."

"இது ராமாபுரத்துல எடுத்ததாம்," என்றார் ஏசுதாஸ்.

"நாளைக்கு எனக்கு டியூட்டி. வெள்ளிக்கிழமை போலாம்."

"போலாம்னா? நீ எதுக்கு?"

"ஓலையில என் பேரும்தான் இருக்கு," என்றார் பிலோமினா.

வெள்ளிக்கிழமை கொள்ளேகால் பஸ் பிடித்து, அங்கிருந்து ஹனூர், அங்கே ராமாபுரம் பஸ் மாறினார்கள்.  ஹனூரில் பிலோமினா, "அது அவங்களா இல்லாமலும் இருக்கலாம்," என்றார். ஏசுதாஸ் தலையாட்டினார். எதற்குத் தலையாட்டினார் என்று தெரியவில்லை.

ராமாபுரம் பஸ் நிறுத்தத்தில் ஒரு பழக்கடைக்காரரிடம் பையைக் காட்டி, இதை யார் தைத்திருப்பார்கள் என்று கேட்டார்கள். அவர் பையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"பை தைக்கறதுன்னா நம்ம மகேஸ்வரி டெய்லர் கடைதானுங்க. அங்க ஒரு அம்மா இருக்காங்க. அந்தா, பச்சைக் கதவு."

கடை வாசலில் மிஷினில் உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்து, "ஏனுங்க, என்ன வேணுங்க?" என்று கேட்டார்.  ஏசுதாஸ் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஜன்னல் வெளிச்சத்தில், முழங்கால்களுக்கு இடையே ஒரு பையை இடுக்கிக்கொண்டு, இரண்டு ஊசிகளையும் ஒரே இழுப்பில் விரித்துக்கொண்டிருந்தார் செலின். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தார். இழுத்த நூலை விடாமலே தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"வாங்க," என்றார். பிறகு, "அஞ்சு வருஷம் ஆச்சு. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

ஏசுதாஸ் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பிலோமினாதான் உள்ளே போனார்.

"அம்மா, நீங்க செலின்தானே?"

"ஆமா. நீங்க யாரு?"

"அதை அப்புறம் சொல்றேன். கையில இருக்கிற ஊசியைக் கீழ வைங்க முதல்ல. மைசூர்ல உங்களைப் பொதைச்சாச்சு. கல்லறை கட்டி, பேரு வெட்டி, வருஷா வருஷம் பூசை வேற நடக்குது."

செலின் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். "என்ன சொல்றாங்க இவங்க?" என்று கணவரைப் பார்த்துக் கேட்டார். ஏசுதாஸ் கால்வாயில் விழுந்த பஸ்ஸைப் பற்றியும் தோளில் மாட்டியிருந்த பையைப் பற்றியும் சொன்னார். பை என்றதும் செலினின் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ... அந்தப் பொம்பளையா?"

அன்று காலை மைசூர் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பிளாஸ்டிக் பை அறுந்து, தக்காளியும் துணியும் நடைபாதையில் சிதறியிருக்கின்றன. செலின் தன் பையிலிருந்ததையெல்லாம் ஒரு துணிப்பையில் கொட்டிக்கொண்டு, தோல் பையை அந்தப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறார்.

"வேணாம் வேணாம்னாங்க. எனக்கு இது வேண்டாம்மா, வச்சுக்கங்கன்னேன். நல்ல தையல், அறுந்தே போகாதுன்னு நான்தான் தோள்ல மாட்டிவிட்டேன்."

 வாசலில் மிஷினில் இருந்த மகேஸ்வரி தைப்பதை நிறுத்திவிட்டிருந்தார். செலினும் அவரும் சிறு வயதில் ஒரே கன்னியர் விடுதியில் வளர்ந்தவர்கள். அந்த நம்பிக்கையில்தான் செலின் இங்கே வந்தது. செலினுக்கு வேறு சொந்தம் கிடையாது. அதனால் அவர் உயிரோடு இருப்பதை எங்களுக்குச் சொல்லவும் ஆள் இல்லை, அவர் இறந்த செய்தியை அவருக்குச் சொல்லவும் ஆள் இல்லை.

"நான் ஒண்ணு கேக்கறேன்," என்றார் செலின். "பொணத்தைப் பார்த்தீங்களா, பையைப் பார்த்தீங்களா?"

"பையை," என்றார் ஏசுதாஸ்.

"என் கையில கொதிக்கிற பசை கொட்டின தழும்பு இருக்கே. மணிக்கட்டுல. அதைப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"உசரம்? அந்தம்மா என்னைவிட ஒரு சாண் குட்டை."

"பையைத்தான் பார்த்தேன்."

செலின் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று பிலோமினா நினைத்தார். அழவில்லை. "இத்தனை வருஷமா, ஒரு தடவை தேடி வரலையேன்னு உங்களைத் திட்டிக்கிட்டு இருந்தேன்," என்றார். "நீங்க என்னடான்னா ஊரான் பொண்ணுக்குப் பூ போட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க."

"ஏன் போன?" ஏசுதாஸ் அதை ரொம்ப நேரம் கழித்துத்தான் கேட்டார்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"சத்தியமா தெரியாது."

அது உண்மைதான் என்று செலினுக்குப் புரிந்தது. அதுதான் தனக்கு எல்லாவற்றையும்விட அதிர்ச்சியாக இருந்தது என்று அவர் பிறகு என்னிடம் சொன்னார்.

"எட்டு வருஷம் உங்க எதிர்ல உக்காந்து தைச்சேன். நான் தைச்சதுல ஒண்ணையாவது விட்டு வச்சீங்களா? சாயங்காலம் ஆனா கத்தியை எடுத்துக்கிட்டு உக்காந்துருவீங்க. என் தையலை எல்லாம் அறுத்துட்டு, துளை பக்கம் மாறியிருக்குன்னு முதல்லேர்ந்து தைப்பீங்க. என் முன்னாலயே. ஒரு வார்த்தை திட்ட மாட்டீங்க. திட்டியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்."

"பக்கம் மாறியிருந்துச்சு," என்றார் ஏசுதாஸ், தனக்குத்தானே சொல்வதுபோல.

"மாறினா என்ன? அறுந்துதா? இந்த டீச்சரம்மா பை அறுந்துதா?"

அவர் கையிலிருந்த பையைப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை. செலின் தையலை ஒரே பார்வையில் அவர் எப்படி அடையாளம் கண்டார் என்று எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. எட்டு வருடம் தினமும் அதை அறுத்துப் பிரித்த கை அது.

பிலோமினா குறுக்கிட்டார். "உங்க ரெண்டு பேருக்கும் பேச நிறைய இருக்கும். எனக்கு ஒரே ஒரு பதில்தான் வேணும். அடுத்த மாசம் இவருக்கும் எனக்கும் கல்யாணம். ஒரு ஓலை வாசிச்சாச்சு. இனி அது நடக்காதுன்னு எனக்கே தெரியும், அதைக் கேக்கலை. நீங்க இவரோட வர்றீங்களா? அதைத் தெரிஞ்சுக்கிட்டா நான் பஸ் ஏறிருவேன்."

செலின் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பவே சொல்லியிருக்கலாமில்ல? நிக்க வச்சே பேசிட்டேன்," என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார். பிறகு ஏசுதாஸிடம் திரும்பினார்.

"சரி, வர்றேன்னு வைங்க. நாளைக்கு நான் ஒரு பையைத் தைச்சு உங்க பக்கத்துல வைக்கிறேன். துளை வலப்பக்கம் இருக்கும். பிரிக்காம விட்டுருவீங்களா?"

ஆம் என்று சொல்வார் என்றுதான் பிலோமினா எதிர்பார்த்தார். யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் சொல்லியிருப்பார்கள். ஏசுதாஸ் தரையைப் பார்த்தார், தன் விரல்களைப் பார்த்தார். நெற்றி வியர்த்துவிட்டது.

"தெரியலை," என்றார்.

சொல்லி முடித்ததும் அவரே திகைத்துப்போய் நின்றார். அந்தச் சொல் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று கேட்பவர்போல இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

செலின் தலையாட்டினார். கோபப்படவில்லை. "பொய் சொல்லலை நீங்க. அந்த மட்டும் சந்தோஷம்," என்றார். "நான் இங்கயே இருந்துக்கறேன். செத்தவ இல்லைன்னு எழுத எங்க வந்து கையெழுத்துப் போடணுமோ, வந்து போடறேன்."

திரும்பும்போது, கொள்ளேகால் தாண்டிய பிறகு, பிலோமினா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ அங்க படுத்திருக்கிறது யாரு?"

பஸ்ஸில் முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகக் கேட்டுவிட்டார். 

சனிக்கிழமை காலையே ஏசுதாஸ் பங்குத் தந்தையிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னார். தந்தை கேட்டு முடித்து, என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க, இவரும் கேட்கட்டும்," என்றார். அவரால் ஒரே தடவையில் நம்ப முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. அடக்கத்தின்போது நானும் ஒரு பிடி மண் போட்டிருக்கிறேன்.

ஒரு வாரத்தில் செலின் மைசூர் வந்தார். போலீஸ் நிலையத்தில் அந்தப் பெண்ணைப் பற்றி நினைவிருந்ததைச் சொன்னார். பச்சைச் சேலை, குட்டை உருவம், கன்னடம் பேசினார், பெயர் கேட்கத் தோன்றவில்லை. இன்றுவரை யாரும் தேடி வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் தன் பெயர் வெட்டியிருந்த கல்லைக் கொத்தர்கள் பெயர்க்கும்போது செலின் பக்கத்திலேயே நின்றார். "உங்க கைல கொடுத்தது என் தப்பும்மா," என்று மண்ணைப் பார்த்து ஒரு தடவை சொன்னார். எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஏசுதாஸ் தள்ளி நின்றார். அவர் இப்போதும் மண்டி மொஹல்லாவில்தான் இருக்கிறார். மனைவி உண்டு, வீட்டில் இல்லை. வேறு மணம் முடிக்கவும் வழியில்லை.

ஏசுதாஸ் வந்து சொன்ன மறுநாளே, இரண்டாம் ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிறன்று, வேறு இரண்டு ஜோடிகளின் ஓலை மட்டும் வாசிக்கப்பட்டது. பூசை முடிந்ததும் பெண்கள் பிலோமினாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அவரு சம்சாரம் உசிரோட இருக்காங்க. நல்ல சேதிதானே? அதுக்கு ஏன் எல்லாரும் இழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கறீங்க?" என்றார் பிலோமினா. 

அங்கிருந்து நேரே என் மேஜைக்கு வந்தார்.

"எனக்கு ஒரு லெட்டர் வேணும் சார். ஹாஸ்டல்ல அறையை விடறதாச் சொல்லிட்டேன். திரும்பக் கேட்டா, கல்யாணம்னுதானே சொன்னே, நின்னுபோச்சுன்னா கோயில்ல எழுதி வாங்கிட்டு வா, காரணமும் இருக்கணும்ங்கறாங்க வார்டனம்மா."

எழுதிக் கொடுத்தேன். மணமகனின் மனைவி உயிருடன் இருப்பதால் இத்திருமணம் நடைபெறவில்லை. அதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

பிலோமினா அதை நின்றபடியே படித்தார். உதடு துடித்தது. பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"இதைப் படிச்சா அந்தம்மாவுக்கு மயக்கமே வந்துரும் சார். என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"மாற்றி எழுதட்டுமாம்மா?"

"வேணாம். நடந்தது அதுதானே." காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார். "மயக்கம் வந்தா நானே பார்த்துக்கறேன்."

பழைய அறை அதற்குள் வேறொருவருக்குப் போயிருந்தது. மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறையைக் கொடுத்தார்கள். அன்று மாலையே பெட்டியை மேலே ஏற்றிவிட்டு டியூட்டிக்குப் போனார்.